பிளஸ் ஒன் பாதியில் பள்ளி மாற்றலாமா?

கேள்வி: என் மகன் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து அதே பள்ளிதான், தமிழ் வழி. பத்தாம் வகுப்பில் 438 மதிப்பெண். இப்போது உயிரியல், கணிதம் சேர்ந்த பிரிவு. டாக்டர் ஆக வேண்டும் என்கிறான், கிடைக்காவிட்டால் இன்ஜினீயரிங். இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போய் மாதங்கள் ஆகின்றன. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. என் மைத்துனர் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் பேசி 10,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். "பொங்கல் முடிந்ததும் கொண்டுவந்து விடுங்கள், டிசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆங்கில வழியில் சேர்த்து நீட் பயிற்சியும் கொடுத்துவிடுவோம்" என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பொங்கலுக்குப் பிறகும் வேண்டாம், ஜூனிலும் வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. இயற்பியல் ஆசிரியர் இல்லாதது சின்னக் குறை அல்ல. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க நீங்கள் கொடுக்கப்போகும் விலை என்னவென்று உங்கள் மைத்துனரும் சொல்லவில்லை, அந்தப் பள்ளியும் சொல்லாது.

அந்த விலை 7.5 சதவீத இட ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக மருத்துவப் படிப்பில் இது 2020-இல் சட்டமானது. அதற்கு முன்பு நீட் எழுதி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. இந்த ஒதுக்கீட்டைக் கேட்க, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் தனி வழி உண்டு. உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. பிளஸ் ஒன்னில் நாலு மாதம் தனியார் பள்ளியில் இருந்துவிட்டுப் பிளஸ் டூவுக்குத் திரும்பி வந்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். ஐந்தரை ஆண்டுகள் சேர்த்து வைத்த தகுதி அதோடு போய்விடும், திரும்பக் கிடைக்காது.

இந்தப் பிரிவில் மருத்துவ இடம் பெறுவதற்கும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். ஆனால் பொதுப் போட்டியில் இடம் கிடைக்கத் தேவைப்படும் மதிப்பெண்ணைவிட இங்கே கணிசமாகக் குறைவான மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்து வந்திருக்கிறது. ஆகவே அந்த விடுதிப் பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "நன்றாகச் சொல்லித்தருவீர்களா?" என்பதல்ல. என் மகன் இழக்கப்போகும் இந்த மதிப்பெண் இடைவெளியை உங்கள் பயிற்சி ஈடுகட்டுமா என்று கேளுங்கள். தமிழ் வழியில் பதினோரு ஆண்டுகள் படித்த பிள்ளையை ஜனவரியில் ஆங்கில வழியில் உட்காரவைத்து, அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் அதைச் சாதித்துவிடுவோம் என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது.

மருத்துவத்தோடு இது முடியவில்லை. 2021-இல் நீதிபதி முருகேசன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. இன்ஜினீயரிங் கலந்தாய்வில் இந்தப் பிரிவின் கீழ் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. "கிடைக்காவிட்டால் இன்ஜினீயரிங்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வழிதான் உங்கள் குடும்பத்துக்கு அதிகம் மிச்சப்படுத்தக்கூடியது. பள்ளியை மாற்றினால் அதுவும் கைவிட்டுப் போகும்.

அடுத்தது தமிழ்ப் புதல்வன் திட்டம். 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது; ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில், படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவனுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் எப்படியோ அப்படி. தொகை சிறியது என்று தள்ளிவிடாதீர்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் பையனுக்குக் கைச்செலவு அதுதான்.

தமிழ் வழியில் படித்தோருக்கான அரசு வேலை ஒதுக்கீட்டைச் சொல்லியும் உங்களைச் சிலர் பயமுறுத்துவார்கள். அது 2010-இல் வந்த 20 சதவீத ஒதுக்கீடு. 2020-இல் செய்த திருத்தத்தாலும் அதைத் தொடர்ந்து வந்த விதிமுறைகளாலும் பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பதவிகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழி வேண்டும் என்றானது. மருத்துவமோ இன்ஜினீயரிங்கோ ஆங்கில வழியில் படிக்கப்போகிற பையனுக்கு அந்த மட்டத்தில் இது எப்படியும் பொருந்தாது. குரூப் 4 போல பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் பதவிகளுக்கு அவன் பத்து வரை தமிழ் வழியில் படித்ததே போதும். உங்கள் முடிவில் இதற்கு நான் பெரிய எடை கொடுக்க மாட்டேன். கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பதில் வேறு.

இனி, "டிசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கியம். பள்ளி மாற்றம் கேட்டு வரும் பெற்றோரிடம் நான் முதலில் விசாரிப்பது இந்த வாக்கியத்தை யாராவது சொன்னார்களா என்றுதான். ஒவ்வொரு மாணவனுக்கும் எமிஸ் எண் இருக்கிறது, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் அவனுக்கான எண். பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொடுத்து, அவனது பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் இதைக் காமன் பூல் என்பார்கள். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொண்டால்தான் அவன் அந்தப் பள்ளி மாணவன். அதுவரை நாமக்கல்லில் எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கணக்குப்படி அவன் தருமபுரிப் பள்ளியில் வராமல் இருக்கும் மாணவன்தான். வருகைப் பதிவு குறையும், ஆண்டுத் தேர்வை எங்கே எழுதுவது என்ற குழப்பம் வரும், பிளஸ் டூ பெயர்ப்பட்டியல் தயாராகும் நேரத்தில் இரண்டு பள்ளிகளும் ஒன்றை ஒன்று கைகாட்டும்.

இன்னொரு யோசனையையும் யாராவது உங்கள் காதில் போடலாம்: பெயர் அரசுப் பள்ளியில் இருக்கட்டும், பையன் பயிற்சி மையத்தில் இருக்கட்டும், ஒதுக்கீடும் போகாது, பயிற்சியும் கிடைக்கும். அது மோசடி. நாள்தோறும் வராத மாணவனுக்கு வருகை போட ஒரு தலைமையாசிரியர் பொய்க் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வந்தால் போவது அவர் வேலை மட்டுமல்ல, உங்கள் மகன் வாங்கிய இடமும்தான்.

பிளஸ் ஒன் பாதி என்பது ஏன் மோசமான நேரம் என்பதற்குப் பாடத்திட்டத்திலும் காரணம் இருக்கிறது. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கம் பல தனியார் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு கிடையாது, பள்ளி அளவில் தேர்வு. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வரவும் கதவு திறந்திருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கும் பள்ளி ஜனவரியில் பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும் பள்ளியாக இருந்தால், உங்கள் மகன் போய் உட்காரும் நாளில் அவனுக்குப் பிளஸ் ஒன் இயற்பியலும் நடந்திருக்காது, பிளஸ் டூ இயற்பியலும் புரியாது. நீட் கேள்விகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருகின்றன. 720 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 180. இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

பிரிவையும் கவனியுங்கள். நீட்டை மட்டும் குறிவைக்கும் பள்ளிகள் உயிரியல்-கணிதப் பிரிவுப் பிள்ளையை, கணிதத்தை விட்டுத் தாவரவியல், விலங்கியல் எடுக்கும் பிரிவுக்கு மாறச் சொல்வதுண்டு. ஒரு பாடம் குறைந்தால் பாரம் குறையும் என்பார்கள். தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்ஆஃப்பில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தை விட்டவன் இன்ஜினீயரிங்கை விட்டவன். அந்தப் பள்ளி சிபிஎஸ்இ என்றால் சிக்கல் இன்னும் கூடுதல். பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து அங்கே ஒரே படிப்பு. பதினொன்றை சிபிஎஸ்இ பள்ளியில் முடிக்காமல் பன்னிரண்டில் நுழைவது அநேகமாக நடக்காது.

சரி, இயற்பியலுக்கு என்ன செய்வது? நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் தலைமையாசிரியர் அறை, தனியாக அல்ல. அதே வகுப்பில் படிக்கும் நாலைந்து பிள்ளைகளின் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். காலியிடத்துக்குப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரை வாரத்தில் சில நாள்கள் மாற்றுப் பணியில் அனுப்ப முதன்மைக் கல்வி அலுவலரால் முடியும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக முதுநிலை ஆசிரியரை அமர்த்திக்கொள்ளவும் அரசு 2022 முதல் அனுமதித்து வந்திருக்கிறது. குழுவின் கூட்டத்தில் தீர்மானமாக எழுதவையுங்கள். அலுவலகங்களில் வாய்ச்சொல்லுக்கும் தீர்மான நகலுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. மனு கொடுத்தால் பையனிடம் பள்ளியில் வன்மம் காட்டுவார்களோ என்று பெற்றோர்கள் தயங்குவார்கள். ஆசிரியர் இல்லாததால் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுந்து மேலிடத்தில் பதில் சொல்லப்போவது அதே தலைமையாசிரியர்தான், பெரும்பாலும் அவர் உங்கள் மனுவை வரவேற்கவே செய்வார்.

இவை எதுவும் நடக்கவில்லை என்றால் பள்ளி மாற்றம் சரியான வழிதான், ஆனால் இன்னோர் அரசுப் பள்ளிக்கு. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இயற்பியல் ஆசிரியர் இருக்கும், அதே பிரிவு தமிழ் வழியில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியைத் தேடுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் 7.5 சதவீதக் கணக்கில் அரசுப் பள்ளிகளே. இங்கே வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: அரசு உதவி பெறும் பள்ளி. கட்டணம் குறைவு, ஆசிரியருக்கு அரசு சம்பளம், பெயர்ப்பலகையிலும் "அரசு" என்ற சொல் இருக்கும். ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அது சேராது. தமிழ்ப் புதல்வனுக்குச் சேரும், இதற்குச் சேராது. விவரம் தெரியாமல் நல்ல பள்ளி என்று உதவி பெறும் பள்ளிக்கு மாற்றிவிட்டு, கலந்தாய்வு விண்ணப்பத்தின்போது தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளிக்கே மாற்றுவதானாலும் ஆண்டுத் தேர்வை இப்போதைய பள்ளியில் எழுதி முடிக்கட்டும். ஜூனில் சேர்ந்தால் மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றார் என்று தெளிவாக எழுதிய மாற்றுச் சான்றிதழ் கையில் இருக்கும். அதை வாங்கிய உடனே, பள்ளி வளாகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, பெயரின் எழுத்துகள், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தவையுங்கள். புதிய பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, எமிஸ் பதிவு வந்துவிட்டதா என்று வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நீட் பயிற்சிக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசே நடத்தும் இலவச வகுப்பு இருக்கிறது. அதன் தரம் ஊருக்கு ஊர் மாறும், மறைக்க ஒன்றுமில்லை. போதவில்லை என்று தோன்றினால் கோடை விடுமுறையில் இயற்பியலுக்கு மட்டும் ஒரு தனி ஆசிரியரை ஏற்பாடு செய்யுங்கள். விடுதிப் பள்ளிக்குக் கட்டவிருந்த பணத்தில் சிறு பகுதி போதும். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்ந்தே வரும். மொழியை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

இவ்வளவும் கேட்ட பிறகும் குடும்பம் நாமக்கல்தான் என்று நின்றால், போங்கள், ஆனால் ஜூனில் போங்கள். இரண்டாம் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்பதை விடுதி, உணவு, பயிற்சி, சீருடை எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். தனியார் பள்ளிகளின் கல்விக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. அந்தப் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகை என்ன என்று கேளுங்கள், அதற்கு மேலே கேட்பதெல்லாம் எந்தத் தலைப்பில் என்றும் கேளுங்கள். மாற்றுச் சான்றிதழைத் தவிர வேறு அசல் ஆவணம் எதையும் அவர்களிடம் விட்டுவைக்காதீர்கள். மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். கட்டணப் பாக்கிக்காக டிசியைப் பிடித்துவைப்பதும் அதில் பாக்கி என்று எழுதுவதும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியிருக்கிறது. இருந்தாலும் பிள்ளையைப் பொதுத்தேர்வு ஆண்டில் வைத்துக்கொண்டு நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி வாதாடும் நிலைக்கு நீங்கள் போகாமல் இருப்பதே மேல்.

மைத்துனர் கட்டிய 10,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால், மாணவன் சேரவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவும் என்று நாலு வரி எழுதிப் பதிவுத் தபாலில் இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். ரசீது இல்லை என்றால் பணம் திரும்புவது கடினம். அந்தப் பணத்தை மீட்பதற்காகப் பையனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள்.