மகள் வறுமை ஒழிப்புத் துறைக்குப் போக ஆசைப்பட்டால்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் எத்தியோப்பியா பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்ததிலிருந்து, "ஏழை நாடுகளின் வளர்ச்சிக் கொள்கைதான் படிப்பேன்" என்று பிடிவாதமாக இருக்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, கடைசியில் சம்பளமில்லாத சேவையாகிவிடுமா என்பது உங்கள் பயம். வேலை இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. ஆனால் இளங்கலையிலேயே அவள் 'வளர்ச்சியியல்' எடுக்க வேண்டாம். பொருளாதாரம், புள்ளியியல், வேளாண்மை, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஒன்றை முதலில் ஆழமாகக் கற்கட்டும். காரணத்தை அவளுக்குப் பிடித்த எத்தியோப்பியாவை வைத்தே சொல்கிறேன்.

2002–03 வறட்சியில் அந்த நாட்டில் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் அதிகமானோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. அதுவரை நடந்தது இதுதான்: மழை பொய்க்கும், அரசு வெளிநாடுகளிடம் அவசர உதவி கேட்கும், தானியம் தாமதமாக வந்து சேரும். அதற்குள் குடும்பங்கள் உழவு மாட்டை விற்றிருக்கும். அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் உழ மாடு இருக்காது. இந்தச் சுழலை உடைக்க 2005இல் 'உற்பத்திப் பாதுகாப்பு வலைத் திட்டம்' தொடங்கியது. யாருக்கு ஆண்டுதோறும் பற்றாக்குறை வருகிறது என்பது முன்கூட்டியே தெரியும்போது ஏன் ஒவ்வொரு முறையும் அவசரநிலைபோல நடத்த வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. உடல் உழைப்புக்குத் தகுதியுள்ளவர்கள் ஆண்டில் ஆறு மாதம் பொதுப்பணி செய்து கூலியைப் பணமாகவோ தானியமாகவோ பெற்றார்கள். முதியவர்கள், உழைக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு வேலை வாங்காமலே உதவி போனது. சில ஆண்டுகளில் எண்பது லட்சம் பேர்வரை இதற்குள் வந்தார்கள்.

இதை நடத்தத் தேவைப்பட்டவர்கள் யார் என்று உங்கள் மகளையே யோசிக்கச் சொல்லுங்கள். மலைச்சரிவில் மண் அரிப்பைத் தடுக்க எங்கே வரப்பு கட்டுவது என்று சொல்ல மண்வளம் படித்தவர் வேண்டும். கெபெலே எனப்படும் அடிமட்ட நிர்வாகப் பிரிவில் ஊர்க்குழு தேர்ந்தெடுத்த பட்டியலில் மிக ஏழைகள்தான் இருக்கிறார்களா என்று சரிபார்க்க மாதிரிக் கணக்கெடுப்பு தெரிந்தவர் வேண்டும். கூலி உரிய மாதத்தில் போய்ச் சேர நிதி நிர்வாகம் தெரிந்தவர் வேண்டும். அது தாமதமானால் மாடு மறுபடியும் சந்தைக்குப் போய்விடும், திட்டத்தின் நோக்கமே தோற்கும். இத்தனை பேரில் யாருக்கும் 'வறுமை ஒழிப்பு' என்ற பட்டம் தேவைப்படவில்லை. கையில் ஒரு தொழில் தேவைப்பட்டது.

சுகாதாரத்திலும் இதே கதைதான். 2003இல் தொடங்கிய திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்த இளம்பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, கெபெலேவுக்கு இருவராக, முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரை அரசுச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். தடுப்பூசி, கழிப்பறை, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் வீட்டு வாசலுக்கே போயின. ஏழை நாட்டில் மாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: உள்ளூர் ஆட்களால், உள்ளூர் மொழியில். இது வெளிநாட்டவருக்கு முக்கியமான செய்தி. எத்தியோப்பியாவின் வேலைகளில் பெரும்பாலானவை எத்தியோப்பியர்களுக்கே போகும், அதுதான் நியாயமும். வெளியிலிருந்து வருபவரிடம் அங்கே எளிதில் கிடைக்காத திறமை ஏதாவது இருக்க வேண்டும்.

அந்த நாட்டின் தேசிய வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்ந்தோர் 1995–96இல் 45.5 சதவீதம், 2015–16இல் 23.5 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். யாரோ வீடு வீடாக உட்கார்ந்து, இந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு செலவு என்று கேட்டு எழுதியதால் கிடைத்தவை அவை. அதற்குப் பிறகு 2020 முதல் 2022 வரை நாட்டின் வடக்கே டிக்ரே பகுதியில் உள்நாட்டுப் போர், கடும் வறட்சி, விலைவாசி உயர்வு, 2023 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன் தவணை கட்ட முடியாத நிலை என்று அடிமேல் அடி விழுந்தது. இருபது ஆண்டு உழைப்பை இரண்டே ஆண்டுகள் பின்னுக்கு இழுப்பதைப் பார்த்தும் மறுநாள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் மனம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா? மதிப்பெண்ணைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். 2025இல் அமெரிக்கா தன் சர்வதேச வளர்ச்சி முகமையான யுஎஸ்எய்டை மூடியது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். எத்தியோப்பியா அந்த உதவியைப் பெருமளவு பெற்றுவந்த நாடுகளில் ஒன்று. உதவி நிறுவனங்களின் வேலைகள் கொடையாளி நாட்டின் அரசியலைச் சார்ந்தவை, ஒப்பந்த முறையில் அமைந்தவை. அதனால்தான் முதல் பட்டத்தை வலுவாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். திட்டம் மூடப்பட்டாலும் புள்ளியியல் படித்தவருக்கு வங்கியிலும் மருத்துவ ஆய்விலும் அரசிலும் இடம் உண்டு. 'வளர்ச்சியியல்' மட்டும் கையில் இருப்பவர் அடுத்த திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் துறைக்குள் நுழையும் வழிகளும் இதையே காட்டுகின்றன. லண்டனைச் சேர்ந்த ஓடிஐ என்ற வளர்ச்சிக் கொள்கை ஆய்வு அமைப்பு 1963 முதல் இளம் பொருளாதார வல்லுநர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஏழை நாடுகளின் அமைச்சகங்களில் அமர்த்தி வருகிறது. அது கேட்பது பொருளாதாரம், புள்ளியியல் சார்ந்த முதுகலை. 2003இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று சோதிக்கும் ஜே-பால் போன்ற ஆய்வு மையங்கள் களப்பணிக்கு ஆய்வு உதவியாளர்களை எடுக்கின்றன. அங்கே ஸ்டேட்டா அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தவருக்கே முதலிடம். உலக வங்கியின் இளம் வல்லுநர் திட்டத்தில் போட்டி கடுமையானது, பதினேழு வயதில் அதைக் குறிவைக்க வேண்டாம்.

ஒரு வேலை சொல்கிறேன், செலவில்லாதது. எத்தியோப்பிய சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் குடும்பத் தரவு உலக வங்கியின் இணையதளத்தில், பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். இந்த விடுமுறையில் அதை இறக்கி, எந்தக் குடும்பம் மாடு வைத்திருக்கிறது, எது விற்றது என்று அவள் தானே பிரித்துப் பார்க்கட்டும். முதல் வாரம் தலை சுற்றும். மூன்றாவது வாரத்திலும் அவளே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தால், தயங்காமல் பொருளாதாரமோ புள்ளியியலோ சேர்த்துவிடுங்கள். சலித்துப்போய் மனிதர்களோடு பேசும் வேலைதான் வேண்டும் என்றால், பொதுச் சுகாதாரம் அல்லது வேளாண் விரிவாக்கம், அதாவது விவசாயிகளிடம் புதிய முறைகளைக் கொண்டுசேர்க்கும் படிப்பு, பொருந்தும்.

வெளிநாட்டு முதுகலைக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். உதவித்தொகை கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள். இரண்டு ஆண்டு வேலை செய்தபின் விண்ணப்பித்தால் அது கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.