கேள்வி–பதில்: வாட்டர்சென்ஸ் முத்திரை

அமெரிக்காவில் வீடு வாங்கியவர்களும் வீட்டைப் புதுப்பிப்பவர்களும் கேட்டவற்றில் சில.

டாலஸ் வாசகர்: ஷவர் ஹெட் பெட்டியில் ‘வாட்டர்சென்ஸ்’ முத்திரை இருக்கிறது. இது அரசு கட்டாயமா, வெறும் விளம்பரமா?

இரண்டும் இல்லை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பொருள்களை அடையாளம் காட்ட, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) 2006-இல் தொடங்கிய திட்டம் இது. 2018-இல் நாடாளுமன்றம் இதற்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்தது. முத்திரை வாங்கியே ஆக வேண்டும் என்று எந்த நிறுவனத்துக்கும் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், இபிஏ அங்கீகரித்த தனிச் சான்று நிறுவனத்திடம் பொருளைக் கொடுத்துச் சோதனையில் தேற வேண்டும்.

கட்டாயம் என்பது கூட்டரசின் உச்சவரம்பு: டாய்லெட்டுக்கு ஒரு ஃப்ளஷ் 1.6 கேலன் (6 லிட்டர்), ஷவருக்கு நிமிடத்துக்கு 2.5 கேலன். முத்திரை பெற்ற டாய்லெட் 1.28 கேலனுக்கும் (4.8 லிட்டர்), ஷவர் 2.0 கேலனுக்கும் மேல் போகக் கூடாது. குளியலறை வாஷ்பேசின் குழாய்க்கு நிமிடத்துக்கு 1.5 கேலன். தண்ணீரைக் குறைத்தால் மட்டும் போதாது, வேலையும் நடக்க வேண்டும். டாய்லெட் 350 கிராம் சோயா விழுதை ஒரே ஃப்ளஷ்ஷில் தள்ள வேண்டும். ஷவர், தண்ணீர் அழுத்தம் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு) மட்டுமே இருந்தாலும் குறிப்பிட்ட அளவு தண்ணீரைத் தர வேண்டும்.

‘வாட்டர்சென்ஸ் பார்ட்னர்’ என்ற சின்னத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது நிறுவனம் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும், அந்தப் பொருள் தேறியது என்று சொல்லாது. சந்தேகமென்றால் மாடல் எண்ணை இபிஏ தளத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

ஹூஸ்டன் வாசகி: எங்கள் வீடு 1985-இல் கட்டியது. நால்வர் இருக்கிறோம். மூன்று டாய்லெட்டையும் மாற்றலாமா?

முதலில் டேங்க் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் அடியிலோ, டேங்கின் உள் பின்சுவரிலோ பீங்கானிலேயே தயாரிப்புத் தேதி பதிந்திருக்கும். வீடு பழையது என்பதால் டாய்லெட்டும் பழையதாகத்தான் இருக்கும் என்று இல்லை. முன்பு இருந்தவர்களே மாற்றியிருக்கலாம்.

1994-க்கு முந்தையது என்றால் பெரும்பாலும் 3.5 கேலன், அதாவது 13 லிட்டர். நால்வருக்கு நாளொன்றுக்கு 20 ஃப்ளஷ் என்று வைத்துக்கொண்டால், மாற்றினால் தினமும் 160 லிட்டருக்கு மேல் மிச்சம். தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே 1.6 கேலன் டாய்லெட் இருந்தால் மிச்சம் 24 லிட்டர்தான். நன்றாக வேலை செய்வதைக் கழற்றி எறிய அது போதாது என்பது எங்கள் கருத்து.

அதைவிடப் பெரிய இழப்பு கசிவில் இருக்கலாம். டேங்கில் சமையல் கலர் சில சொட்டு விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் 10 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கினால் ஃப்ளாப்பர் (டேங்கின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ரப்பர் மூடி) பிடிக்கவில்லை. ஓயாமல் ஓடும் டாய்லெட் நாளுக்கு 200 கேலன் வரை வீணாக்கும் என்கிறது இபிஏ. டேங்குக்குள் போடும் ப்ளீச் மாத்திரைதான் ரப்பரை அரிக்கும் முதல் எதிரி. புது ஃப்ளாப்பர் வாங்கும்போது ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்பதை எடுக்காதீர்கள். அது அதிக நேரம் திறந்தே இருந்தால், 1.28 டாய்லெட் கூடுதல் தண்ணீரை விழுங்க ஆரம்பிக்கும். தயாரிப்பாளரின் உதிரிபாக எண் பார்த்து வாங்குங்கள்.

மாற்றுவதென்றால் இன்னும் இரண்டு விஷயம். சுவரிலிருந்து (அடிப்பட்டையிலிருந்து அல்ல) தரை போல்ட்டின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். பொதுவாக 12 அங்குலம், பழைய வீடுகளில் 10 அல்லது 14 இருக்கலாம். இதை அளக்காமல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டிவரலாம். அடுத்து, 350 கிராம் என்பது தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் மட்டுமே. ‘மேப்’ என்ற தனிச் சோதனைப் பட்டியல் 1,000 கிராம் வரை மதிப்பெண் தருகிறது. 800-க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அடைப்புத் தொல்லை குறையும்.

ரிபேட் (வாங்கியதற்குத் திருப்பித் தரும் தள்ளுபடித் தொகை) இபிஏ தருவதில்லை, உள்ளூர் தண்ணீர் நிறுவனங்கள்தான் தருகின்றன. சில இடங்களில் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எனவே முதலில் அங்கே விசாரியுங்கள்.

அட்லாண்டா வாசகர்: புது ஷவர் ஹெட் போட்டபின், யாராவது ஃப்ளஷ் செய்தால் சுடுதண்ணீர் கொட்டுகிறது. முத்திரை உள்ளதுதான்.

குற்றம் ஷவர் ஹெட்டில் இல்லை, சுவருக்குள் இருக்கும், சுடுநீரையும் குளிர்நீரையும் கலக்கும் கலவை வால்வில். ஃப்ளஷ் செய்தால் குளிர்நீர் அழுத்தம் சட்டென்று குறையும். அதைச் சமன்செய்யும் வால்வு பழையதாக இருந்தால், அல்லது அதிக ஓட்டத்துக்கென்றே செய்ததாக இருந்தால், குறைந்த ஓட்டத்தில் அதனால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு எந்தக் குறைந்தபட்ச ஓட்டத்துக்குச் சான்று பெற்றது என்று அதன் கையேட்டில் பார்த்து, ஷவர் ஹெட்டின் ஓட்டம் அதற்குக் கீழே இருந்தால் வால்வை மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை பழைய ஷவர் ஹெட்டையே மாட்டிவையுங்கள்.

சான் ஹோசே வாசகர்: 2.0 கேலன் ஷவர், முத்திரையுடன்தான் இருக்கிறது. கடை கலிஃபோர்னியாவுக்கு அனுப்ப மறுக்கிறது.

சரியாகத்தான் மறுக்கிறது. கலிஃபோர்னியாவில் 2018 ஜூலை முதல் ஷவரின் உச்சவரம்பு 1.8 கேலன். மாநிலச் சட்டம் முத்திரையைவிடக் கடுமையானது. 1.8 அல்லது அதற்குக் கீழ் உள்ள மாடலைத் தேடுங்கள்.

நியூ ஜெர்சி வாசகி: டாய்லெட்டில் கை ஜெட் ஸ்ப்ரே மாட்ட வேண்டும். முத்திரை உள்ளது கிடைக்குமா?

ஜெட் ஸ்ப்ரேவுக்கு வாட்டர்சென்ஸ் முத்திரை கிடையாது. சமையலறைக் குழாய்க்கும் இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ‘எனர்ஜி ஸ்டார்’ என்ற மின்சிக்கன முத்திரையைப் பாருங்கள். ஸ்ப்ரேயைப் பயன்படுத்தியதும் டி-வால்வை (ஸ்ப்ரே ஹோஸுக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் வால்வு) மூடுங்கள். திறந்தே விட்டால் ஹோஸில் எந்நேரமும் முழு அழுத்தம் நிற்கும், வெடித்தால் மாடி முழுக்கத் தண்ணீர்.

ஃபீனிக்ஸ் வாசகர்: பில்டர் ‘வாட்டர்சென்ஸ் வீடு’ என்கிறார். எதை நம்பலாம்?

முத்திரை உள்ள டாய்லெட்டும் ஷவரும் மாட்டினால் மட்டும் வீடு முத்திரை பெறாது. வீடுகளுக்குத் தனி விதிமுறை உண்டு. 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பின்படி, வழக்கமான புது வீட்டைவிடக் குறைந்தது 30 சதவீதம் தண்ணீர் மிச்சமாக வேண்டும், கசிவு இருக்கக் கூடாது, டாய்லெட், குளியலறைக் குழாய், ஷவர் எல்லாம் முத்திரை பெற்றவையாக இருக்க வேண்டும். அங்கீகரித்த பரிசோதகர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் சான்று கிடைக்கும். அந்த முகவரிக்கான சான்றைக் கேளுங்கள், ஷவர் பெட்டியின் படத்தை அல்ல.

தோட்டத்துக்கு வானிலைக்கு ஏற்பத் தண்ணீர் விடும், முத்திரை உள்ள பாசனக் கட்டுப்படுத்தி பொருத்தியிருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் மண் வகை, செடி வகை, ஸ்பிரிங்க்ளர் வகை பதிவாகியிருக்கிறதா என்று சாவி வாங்கும் முன் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த அமைப்பிலேயே விட்டுவிட்டால் சாதா டைமரைப் போலவே ஊற்றிக்கொண்டிருக்கும்.