அண்ணாச்சி பதில்கள்: விதை எது, முள் எது?

கேள்வி: அண்ணாச்சி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கொஞ்சம் கடனும் இருக்கிறது. உபவாசக் கூட்டம் ஒன்றில் ஊழியக்காரர் ஒருவர், 'ஐம்பதாயிரம் விதைக் காணிக்கை போடுங்கள், நூறு மடங்காகத் திரும்ப வரும்' என்றார். வளையலை அடகு வைத்துக் கொடுப்போம் என்கிறார்கள் அம்மா. வேண்டாம் என்றால் 'உனக்கு விசுவாசம் இல்லை' என்று அழுகிறார்கள். என்ன செய்ய?
வாசகர் ஒருவர், சாத்தான்குளம்

பதில்: வளையல் அம்மா கையிலேயே கிடக்கட்டும் தம்பி.

காரணத்தை நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டார்கள். வேதப்புத்தகத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து மாற்கு 4ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நல்ல நிலத்தில் விழுந்த விதை முப்பது, அறுபது, நூறாகப் பலன் தந்தது என்கிற கணக்கு, அங்கே இயேசு சொல்லும் விதைக்கிறவன் உவமையில்தான் வருகிறது. அங்கே விதை எது? ஆண்டவரே சொல்லிவிடுகிறார்: 'விதைக்கிறவன் வசனத்தை விதைக்கிறான்.' ரூபாய் நோட்டை அல்ல. சரி, பணம் அந்த உவமையில் வரவே இல்லையா? வருகிறது. 19ஆம் வசனத்தில், 'ஐசுவரியத்தின் மயக்கம்' என்று, பயிரை நெருக்கிப்போடும் முள்ளுக்குள் ஒன்றாக வருகிறது. உங்கள் ஊழியக்காரர் முள்ளை எடுத்து விதை என்று கையில் கொடுக்கிறார்.

இன்னொரு நூறு மாற்கு 10:30ல் இருக்கிறது. சுவிசேஷத்துக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவனுக்கு அவை நூறத்தனையாகக் கிடைக்கும் என்கிற இடம். நடுவில் 'துன்பங்களோடேகூட' என்று ஒரு சொல் உண்டு. மேடையில் மைக் பிடிப்பவர்கள் அதை மட்டும் லாவகமாக விழுங்கிவிடுவார்கள்.

'பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்று பவுல் எழுதியிருக்கிறாரே' என்று அம்மா மடக்குவார்கள். நியாயமான கேள்வி, அது பணத்தைப் பற்றியதுதான். 2 கொரிந்தியர் 8, 9 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகச் சேர்த்த தர்மப்பணம் அது. பவுலின் கைச்செலவுக்கு அல்ல. 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்கிறார். அதைவிட முக்கியம் 8:12. ஒருவன் கொடுப்பது 'இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே' அங்கீகரிக்கப்படும். வட்டிக்கு வாங்கிய பணம் உங்களிடம் உள்ளதா, இல்லாததா? அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள்.

சபைக் கணக்கு எழுதியே முடி நரைத்தவன் நான். அந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்தது 20ஆம் வசனம். 'தர்மப்பணத்தைக்குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு' பவுல் அதைத் தனியாகக் கொண்டுபோகவில்லை; சபைகள் தெரிந்தெடுத்த ஆளும் கூட வருகிறார். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. உங்கள் ஊழியக்காரரிடம் ஒரு ரசீது கேளுங்கள், வருடக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அவர் முகம் மாறுகிற விதத்திலேயே அம்மாவுக்குப் பாதி புரிந்துவிடும்.

காணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது 'இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம்' என்றுதான் தொடங்கினார்கள். நம் பக்கத்துக் காசு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் போனது. போன காசு, திரும்பி வருகிற காசு அல்ல. கடன் அடைந்த பிறகு அம்மா அப்படிக் கொடுக்கட்டும், சந்தோஷமாக.

கேள்வி: வியாபாரத்தைப் பெருக்க ஆசைப்படுவது கிறிஸ்தவனுக்குப் பாவமா?
மளிகை மொத்த வியாபாரி, நாகர்கோவில்

பதில்: எல்லாத் தீமைக்கும் வேர் என்று 1 தீமோத்தேயு 6:10 சொல்வது பண ஆசையை, பணத்தை அல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1760ல் அச்சிட்ட ஒரு பிரசங்கத்தில் 'கூடியமட்டும் சம்பாதி, கூடியமட்டும் சேமி, கூடியமட்டும் கொடு' என்றார். முதல் இரண்டுக்கும் உங்களுக்கு என் உபதேசம் தேவைப்படாது. மூன்றாவதுக்கு அவரே ஒரு கணக்கும் வைத்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவருக்கு வருடம் 30 பவுண்டு வருமானம். 28ல் தன் செலவை முடித்துக்கொண்டு 2 பவுண்டைத் தர்மம் செய்தார். அடுத்த வருடம் வருமானம் 60. செலவு அதே 28, தர்மம் 32. பிறகு 90, அப்புறம் 120. செலவு மட்டும் 28ஐத் தாண்டவில்லை. அது வெஸ்லியேதான் என்பார்கள். விலைவாசி ஏறுகிற நம் காலத்தில் 28லேயே நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாபம் இரட்டித்த வருடம் காணிக்கைக் கவரும் இரட்டித்ததா என்று உங்கள் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். பாவமா இல்லையா என்பது அதில் எழுதியிருக்கும்.

கேள்வி: சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையின் ஏலத்தில் ஒரு தேங்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கிறார்கள். இது பக்தியா, பந்தாவா?
வாசகி ஒருவர், நாசரேத்

பதில்: இரண்டும்தான் தங்கச்சி. அண்ணன் தம்பிக்குள் போட்டி வந்தால் கோழி பத்தாயிரத்துக்கும் போகும். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகிற பணம் என்றால் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஏலம் கேட்டவர்கள் பணத்தைக் கட்டிவிட்டால் சரி. எங்கள் சபையில் போன வருடத்துப் பூசணிக்காய் ஒன்று இன்னும் பாக்கிப் பட்டியலிலேயே இருக்கிறது.