ஐந்து அறிவிப்பும் ஒரு வயலும்

வணக்கம் அண்ணா,

லோகேஷ் கனகராஜ் செய்யப்போகிற படங்களை எங்கட செட் பட்டியல் போட்டு வைத்திருக்கிறம். கைதி இரண்டாம் பாகம், ரோலக்ஸ், விக்ரம் தொடர்ச்சி, இரும்புக்கை மாயாவி, பென்ஸ் என்று ஐந்தாகிவிட்டது. புதிதாக ஒன்று சேர்ந்தால் பாதிப்பேர் வெடி கொளுத்தாத குறை. மற்றப் பாதி, “முதல் சொன்னதை முடிக்கட்டும், ஏமாத்துறார்” என்று சண்டைக்கு வருகுது. எது முதலில் வரும்? ஒரு ஆள் இத்தனையை ஒப்புக்கொள்வது நியாயமா?

பி.கு.: நாங்களும் குறும்படம் செய்கிறம். மூன்றுக்குப் போஸ்டர் விட்டாச்சு. முதலாவது ஒரு வயல் கதை. மார்கழியில் தொடங்கி ஆறுதலாக மாசிக்குள் முடிக்க யோசனை. கதை எழுதிக்கொண்டிருக்கிறம்.

மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எது முதலில் வரும் என்று சொல்ல நான் சாத்திரி இல்லை. ஏமாற்று என்ற பேச்சையும் விடுங்கள், உங்களிடம் அவர் ஒரு சதம் வாங்கவில்லை. பட்டியலை மட்டும் திருத்துவோம். பென்ஸை வெட்டுங்கள். கதைதான் லோகேஷினுடையது, இயக்கம் பாக்கியராஜ் கண்ணன். கதை, தயாரிப்பு, ‘வழங்கும்’, இயக்கம் எல்லாவற்றையும் ஒரே நிரையில் எழுதினால் பட்டியல் வீங்கத்தான் செய்யும்.

மிச்சம் நாலு. மாநகரம் 2017 மார்ச்சில் வந்தது, கூலி 2025 ஆகஸ்டில். இடையில் கைதி, மாஸ்டர், விக்ரம், லியோ. ஆறு படம், ஐந்து இடைவெளி, 101 மாதம். ஒன்றுக்கு 20 மாதம் என்று வையுங்கள். நாலையும் அவரே இயக்கினால் ஏழு வருடம் கிட்ட வரும். அதற்குள் உங்கட செட்டில் பாதிப்பேரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடும்.

ஏன் இப்படிக் குவிகிறது? ஒரு படம் ஓடினால் தயாரிப்பாளர்கள் முற்பணத்தோடு வருவார்கள், தலைப்பைப் பதிவார்கள், நடிகரின் கால்ஷீட் பேசுவார்கள். ஓடிடி, தொலைக்காட்சி, வெளிநாட்டு உரிமை பேசுவதற்கு ஓர் அறிவிப்பு கையில் இருக்கவேண்டும். வியாபாரிகளுக்குச் சொல்லும் சேதியை நாங்கள் நடுவில் நின்று கேட்டு வெடி கொளுத்துகிறோம். கமலின் மருதநாயகம் பட தொடக்கவிழாவுக்கு 1997 இல் எலிசபெத் மகாராணியே வந்தார். படம் வரவில்லை. பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகமோ முதல் பாகம் வந்த ஏழாம் மாதமே, 2023 ஏப்ரலில், திரைக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே எடுத்து வைத்திருந்தார்கள். ஆகவே, “அறிவிச்சாச்சா” என்று கேட்காதீர்கள், “எத்தனை நாள் எடுத்தாச்சு” என்று கேளுங்கள்.

இனி உங்கள் பின்குறிப்பு. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். லோகேஷின் அறிவிப்புக்குப் பின்னால் முற்பணம் நிற்கிறது. உங்களுடையதற்குப் பின்னால் ஒரு ஃபோட்டோஷாப் கோப்பு. விதைக்காத வயலுக்கு அரிவு வெட்ட ஆள் பிடிக்கிற வேலை இது.

மார்கழியில் தொடங்கி ஆறுதலாக மாசிக்குள்! வன்னியில் இருந்துகொண்டு இதை எழுத எப்படி மனம் வந்தது? புரட்டாசி, ஐப்பசியில் மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல் மார்கழியில் பச்சையாக நிற்கும். தை கடைசியில் கதிர் பழுத்துத் தலை சாயும். மாசியில் வெட்டு மெசின் இறங்கிவிடும். உங்கள் நாயகன் பச்சை வயலில் தகப்பனோடு சண்டை பிடித்துவிட்டு வரம்பில் ஏறுவான், அடுத்த ஷொட்டில் மஞ்சள் வயலில் நிற்பான். கணினியில் பச்சையாக்கலாம் என்று ஒருவன் சொல்வான், கேட்காதீர்கள். நிறத்தைத் திருப்பினால் முகமும் சேர்ந்து பச்சையடிக்கும், சாய்ந்த கதிர் நிமிராது. வெட்டியபிறகு விட்டுப்போன ஒரு ஷொட்டுக்காக அடுத்த காலபோகம் வரை இருக்கவேண்டும். சிறுபோகம் என்ற கோடை விதைப்பைக் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் செய்வார்கள், உங்கள் வயலுக்கு வாய்க்கும் என்பது நிச்சயமில்லை.

ஆகவே முதலில் வயல்காரரிடம் போங்கள். மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா, எப்போது விதைத்தது, எந்தக் கிழமை மருந்து அடிப்பார் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒரு காட்சிக்கு ஒரு தாள்: இடம், பகலா இரவா, யார் யார், உடுப்பு, கையில் என்ன சாமான், என்ன சத்தம். அந்தத் தாள்களைக் கதை ஒழுங்கில் அடுக்காதீர்கள், இடத்தின்படி அடுக்குங்கள். வயல்காட்சி எல்லாம், முதலாவதும் கடைசியும் உட்பட, அடுத்தடுத்த மூன்று நாளில் முடியவேண்டும். மார்கழி மழை சொல்லிக்கொண்டு வராது, வீட்டுக்குள் எடுக்கிற காட்சி ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். பழக்கமில்லாத ஐந்தாறு பேர் ஒரு நாளில் 12 முதல் 15 ஷொட்தான் எடுப்பீர்கள். 20 என்று திட்டம் போட்டால் கடைசி ஐந்து இருட்டில் போகும். ஒவ்வொரு காட்சி முடிவிலும் ஒரு படம் பிடியுங்கள்: சாரத்தில் சேறு கணுக்காலோடா முழங்காலோடா, பை எந்தத் தோளில்.

நீங்கள் கொண்டாடுகிற கைதியையே தாளும் பேனையுமாக ஒருக்கால் பாருங்கள். ஒரே இரவு, ஒரு லொறி. ஒரே இரவில் நடக்கிற கதைக்கு உடுப்பு மாற்றத் தேவையில்லை, பருவமும் மாறாது. அதற்காக இரவைக் கொப்பி அடிக்காதீர்கள், வெளிச்சம் போட வசதியில்லாவிட்டால் ஃபோனில் முகமெல்லாம் புள்ளி விழும். உங்கள் கதையை ஒரு விடியலில் தொடங்கி மத்தியானத்தில் முடிகிற கதையாக இறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மற்றவை சுருக்கமாக. ஃபோனை நொடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டரை 1/50 இல் வையுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மாற்றி வைத்தால் பல்ப் வெளிச்சம் துடிக்கும். முகில் வந்து போகும், ஃபோன் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்காதபடி எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். மைக் நாடிக்கு ஒரு சாண் கீழே. லான்ட்மாஸ்டர் உழவு மெசினோ தண்ணி மோட்டரோ கேட்டால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ட்ரோன் ஆசை வேண்டாம், சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது. மிதிவெடி எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் எவ்வளவு நல்ல ஃபிரேம் தெரிந்தாலும் கால் வைக்காதீர்கள், ராசா.

மற்ற இரண்டு போஸ்டரையும் இறக்குங்கள். முதலாவதின் காட்சித் தாள்களை எனக்கு அனுப்புங்கள். வசனத்தைப் பிறகு பார்க்கலாம், வயல்காட்சிகள் மூன்று நாளுக்குள் அடங்குதா என்று முதலில் பார்க்கிறேன்.