விட்டேன் சரி, எதை விட்டேன்?

சென்ற வாரம் ஆங்கில வகுப்பு முடியும்போது, 'விடுவது' என்று பொருள்படும் 'கிவ் அப்' பற்றிய சந்தேகங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தேன். டப்பா நிறைந்துவிட்டது. கையெழுத்து புரிந்த சீட்டுகளுக்கு மட்டும் இங்கே பதில்.

ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து ஒரு தம்பி: சிகரெட்டை விட்டு ஆறு மாதம் ஆகிறது, டீச்சர். 'ஐ கேவ் அப் டு ஸ்மோக்' என்றேன். சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். என்ன தப்பு?

முதலில் வாழ்த்து, தம்பி. தப்பு அந்த 'டு'வில் இருக்கிறது. தமிழில் "சிகரெட் பிடிக்க விட்டேன்" என்றால் என்ன அர்த்தம்? யாரையோ பிடிக்க அனுமதித்தேன் என்று ஆகிவிடும். "பிடிப்பதை விட்டேன்" என்றுதானே சொல்வோம். அந்தப் 'பிடிப்பதை' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'இங்' வரும்: 'ஐ கேவ் அப் ஸ்மோக்கிங் சிக்ஸ் மன்த்ஸ் அகோ.' 'ஸ்டாப்' போட்டால் இன்னும் கவனம் வேண்டும். 'ஐ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் விட்டாயிற்று. 'ஐ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுப் போய் ஒரு தம் போட்டேன். அதைச் சொல்லியிருந்தால் சூப்பர்வைசர் சிரித்திருக்க மாட்டார்.

தேக்காவில் கடை வைத்திருக்கும் ஐயா: டாக்டர் 'கட் டவுன் ஆன் ஷுகர்' என்றார். அதுவும் 'கிவ் அப்'பும் ஒன்றுதானே?

இல்லை, ஐயா. காப்பிக் கடையில் 'தே ஓ சியூ தாய்' என்று கேட்டால் பால் இல்லாத டீ, சீனி குறைவாக வரும், அது கட் டவுன். 'தே ஓ கோசோங்' என்றால் சீனியே இல்லை, அது கிவ் அப். உங்கள் டாக்டர் சியூ தாய்தான் சொல்லியிருக்கிறார்.

பீஷானிலிருந்து ஒரு மாணவி: 'கிவ் அப் இட்' சரியா?

தவறு. 'இட்', 'தெம்' போன்ற சின்னச் சொல் நடுவில்தான் உட்காரும்: 'கிவ் இட் அப்.' பெயரைச் சொன்னால் இரண்டு இடமும் சரி: 'கிவ் அப் காபி', 'கிவ் காபி அப்.'

புங்கோலில் இருந்து ஒரு தங்கை: எம்ஆர்டி ரயிலில் பெரியவர்களுக்கு இடம் விட்டுக்கொடுப்பதற்கும் இதே சொல்தானா?

இதே சொல்தான். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. சிங்கப்பூருக்கு வந்த புதிதில், ரயிலில் ஒரு சீனப் பாட்டி காய்கறி வண்டியைப் பிடித்தபடி என் எதிரே நின்றார். நான் சட்டென்று எழுந்து, "ஆன்ட்டி, ஐ கிவ் அப்!" என்றேன். பாட்டி உட்காரவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஏய், யங் கேர்ள், டோன்ட் கிவ் அப் லா" என்று ஆறுதல் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வாழ்க்கையே வெறுத்துப்போன பெண் என்று நினைத்திருப்பார்கள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, 'ப்ளீஸ் டேக் மை சீட்.' வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது, 'ஐ கேவ் அப் மை சீட் டு அன் ஓல்ட் லேடி.'

வம்பு நம் 'விட்டுக்கொடு'வில்தான். தமிழில் அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அதுவே மூன்றாகப் பிரியும். இருக்கையை விட்டுக்கொடுத்தால் கிவ் அப். வழிவிட்டால் கிவ் வே. ரயில் நிலையச் சுவரொட்டிகளில், இறங்குபவர்களுக்கு ஒதுங்கி நிற்கும் கார்ட்டூன் பெண்ணுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் 'கிவ்-வே கிளெண்டா' என்று பெயர் வைத்தது அதனால்தான். பிடிவாதத்தில் இறங்கிவந்தால் கிவ் இன். ஐஸ்கிரீம் கேட்டு மகன் தரையில் புரள்கிறான், நீங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 'ஐ கேவ் இன்.'

அப்படியானால் தனியாக 'ஐ கிவ் அப்' எப்போது சொல்லலாம்?

பேர் போடாத சீட்டு, ஆனால் நல்ல கேள்வி. விடுகதை போடும்போது, "தோத்துட்டேன், நீயே சொல்லு" என்போமே, அங்கே அது கச்சிதமாகப் பொருந்தும். முயற்சி செய்து பார்த்து, முடியாமல் விடுவது.

உட்லண்ட்ஸில் இருந்து ஓர் அம்மா: மகனுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. கணக்கில் ரொம்ப மோசம். அவனுடைய ஆசிரியருக்கு 'ப்ளீஸ் டோன்ட் கிவ் அப் மை சன்' என்று மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

அனுப்பிவிடாதீர்கள் அம்மா! ஒரு பிள்ளையை 'கிவ் அப்' செய்வது என்றால், தத்துக் கொடுப்பது போல அவனை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுவது. நீங்கள் சொல்ல வந்தது, அவன் தேறமாட்டான் என்று கைவிட்டுவிடாதீர்கள் என்பது. அதற்கு நடுவே ஓர் 'ஆன்' வேண்டும்: 'ப்ளீஸ் டோன்ட் கிவ் அப் ஆன் மை சன்.' டாக்டர் கைவிரித்துவிட்டார் என்பதற்கும் இதே 'ஆன்'தான். இந்த 'ஆன்' வந்துவிட்டால் சொற்களைப் பிரிக்கக்கூடாது, 'கிவ் அப் ஆன் ஹிம்' என்று ஒரே மூச்சில் வரவேண்டும். மாணவிக்கு மேலே சொன்ன நடுவில் உட்காரும் கணக்கு இதற்குக் கிடையாது. என்னைக் கேட்டால், ஆசிரியருக்கு இவ்வளவு மன்றாட வேண்டியதில்லை. எந்தப் பாடப்பகுதி புரியவில்லை என்று இரண்டு வரி எழுதினால் இன்னும் பயன்படும்.

செங்காங்கிலிருந்து ஒரு தம்பதி: சிங்கப்பூர்க் குடியுரிமைக்காக இந்தியக் குடியுரிமையை விடப்போகிறோம். விண்ணப்பத்தில் 'கிவ் அப்' எழுதலாமா?

நண்பர்களிடம் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம். படிவத்தில் வேண்டாம். குடியுரிமையைத் துறப்பதற்கு அங்கே 'ரினவுன்ஸ்' என்ற சொல்தான் வரும். 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டத்திலும் 'ரினன்சியேஷன்' என்றே இருக்கிறது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு 'சரண்டர்', அதற்குக் கிடைக்கும் தாளும் சரண்டர் சர்டிபிகேட்தான். மூன்றுமே நமக்கு 'விடுவது'தான், ஆனால் படிவத்தில் எந்தச் சொல் அச்சாகியிருக்கிறதோ அதையே பார்த்து எழுதுங்கள்.

மிச்சச் சீட்டுகளுக்கு அடுத்த வாரம் பதில். பச்சை மையில் எழுதியவர் மட்டும் இன்னொரு முறை எழுதித் தாருங்கள், கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.