மா: குதிரையும் மாங்காயும்

வணக்கம் சார். தமிழ்ல மான்னா குதிரைன்னு ஒரு அர்த்தம் இருக்கு. பையன் காலேஜ்ல சைனீஸ் கத்துக்கினு இருக்கான், அதுலயும் மான்னா குதிரையாம். நம்ம சொல்லுதான் அங்க போச்சுன்னு வாட்ஸப்ல சுத்துது, நெசமா?
வாசகர், குடியாத்தம்

வணக்கம் சார். பையன் சொன்னது கரெக்ட், வாட்ஸப் சொல்றதுதான் தப்பு.

நம்ம பழைய பாட்டுல மான்னா குதிரை மட்டும் இல்ல, பொதுவா விலங்கு, அதான் சிங்கம் அரிமா, யானை கைம்மா. சைனீஸ்ல குரல கீழ எறக்கி மேல தூக்கினாதான் குதிரை, ஒரே மட்டத்துல இழுத்தா அம்மா, சட்டுனு எறக்கினா திட்டுறது. அதோட குதிரைக்கான சொல்லுல ஆதி காலத்துல ஒரு ரகரம் இருந்துச்சு, கிட்டத்தட்ட 'ம்ரா' மாதிரின்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. சொந்தமா இருந்தா பழைய காலத்துக்குப் போகப் போக ரெண்டும் நெருங்கணும், இங்க விலகித்தான் போவுது.

உதட்ட மூடித் தொறந்தா வர்ற சத்தம் சார் இது, அநேகமா எந்த மொழியும் விட்டு வைக்காது. அரபில சொல்லி முடிக்கும்போது தொண்டைய லேசா அடைச்சா தண்ணி, அடைக்காம விட்டா 'என்ன'. உலகம் பூரா குழந்தைங்க அம்மாவ ம போட்டுத்தான் கூப்பிடும்னு சொல்லுவாங்க இல்ல, ஜார்ஜியா நாட்டுல மாமான்னா அப்பா, அம்மாவுக்கு தேதா!

நெசமாவே பயணம் போன மா ஒண்ணு இருக்கு. நம்ம மாங்காய், மலையாளத்துல மாங்ங, அது மேற்குக் கரைக்கு கப்பல்ல வந்த போர்ச்சுகீசியர் வாயில மங்கா ஆகி இங்கிலீஷ்ல மேங்கோன்னு நின்னுச்சு. யார் எடுத்துக்கினு போனாங்க, எந்த வழியா போச்சுன்னு காட்ட முடியுது, அதனால நம்புறேன். குதிரைக்கு அப்படி ஒரு வழிய யாரும் காட்டல.

சொந்தக்கார மா வேணும்னா சீனா வரைக்கும் எதுக்கு, காட்பாடி தாண்டி சித்தூர் பக்கம் போங்க, இல்ல உங்க தெருவுலயே தெலுங்கு பேசுற வீட்டுல கேளுங்க. 'மா ஊரு'ன்னா எங்க ஊரு. அந்த மா நம்ம மாமரத்துக்கும் குதிரைக்கும் ஒண்ணும் ஆகாது, ஆனா 'எம் ஊர்'ல வர்ற எம்முக்கு கூடப்பொறந்தது. தெலுங்குல சில சொல்லுல முன்னாடி நிக்கிற உயிரெழுத்து பின்னாடி தாவிடும், அவன் வாடு ஆச்சு, இவன் வீடு ஆச்சு, அதே கணக்குலதான் எம் மா ஆச்சு. பாக்க ஒட்டே இல்ல, ஆனா வரிசையா ஒரே மாதிரி மாறியிருக்கு பாருங்க, பையன்கிட்ட இத காட்டுங்க சார்.