அடியில் ‘ரெம்ப்ராண்ட்’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில், பழுப்பு மையில் வரைந்த கிழவர் முகம் ஒன்று இருக்கிறது. அடியில் ‘ரெம்ப்ராண்ட்’ என்று எழுதியிருக்கிறது. அவருடைய பட்டறை மாணவர் வரைந்தது, சான்றிதழும் உண்டு என்று சொல்லி 4,000 யூரோ கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தை மறந்துவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியரான ரெம்ப்ராண்ட் தன் கோட்டோவியங்களில் கையெழுத்திட்டது அபூர்வம். இப்படி அடியில் இருப்பது பெரும்பாலும் பிற்காலச் சேகரிப்பாளரோ வியாபாரியோ எழுதிவைத்ததுதான்.

ஆண்டுக்கு 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கட்டி அவரிடம் கற்ற மாணவர்கள் அதே மை, அதே நாணல் பேனாவில் அவர் கோட்டையே பழகினார்கள். அதனால் நிபுணர்களே தடுமாறுகிறார்கள். 1950களில் கலை அறிஞர் பெனெஷ் தொகுத்த ரெம்ப்ராண்ட் பட்டியலில் சுமார் 1,400 கோட்டோவியங்கள் இருந்தன. 2019இல் இன்னொரு அறிஞர் ஸ்காட்போர்ன் பட்டியலில் ஏறக்குறைய 700. கழிந்தவற்றில் பல ஃப்ளிங்க், போல், ஹோக்ஸ்ட்ராட்டன் போன்ற மாணவர்கள் பேருக்குப் போய்விட்டன. இத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதை உங்கள் கடைக்காரர் ஒரு தாளில் முடித்துவிட்டார்!

என்னிடம் வந்த ஒரு சான்றிதழில் படத்தின் அளவே தப்பு. வேறு படத்துக்கு எழுதியது. இதில் வியாபாரியை மட்டும் திட்டிப் பயனில்லை. அருங்காட்சியகத்தில் கேட்டால் விலை சொல்ல மாட்டோம் என்பார்கள். அறிஞரைக் கேட்டால் வழக்கு வருமோ என்று எழுதித் தரத் தயங்குவார். அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார்.

‘பட்டறை’ என்ற சொல்லையும் ரசீதில் பாருங்கள். பேச்சில் பட்டறை, ரசீதில் ‘ரெம்ப்ராண்ட் பாணி’ என்றால், அது 200 வருடம் கழித்து யாரோ வரைந்ததாகவும் இருக்கலாம்.

‘இந்தத் தடித்த கோடு மட்டும் குருவின் திருத்தம்’ என்றும் சொல்வார்கள். அப்படி உண்மையிலேயே நடந்ததுண்டு. பெர்லினில் உள்ள ஒரு படத்தில் மாணவர் ஃபான் ரெனெஸ்ஸே தேவதூதர் மரியாளிடம் வரும் காட்சியை மெல்லிய கோட்டில் வரைந்திருக்கிறார். அதன்மேல் ரெம்ப்ராண்ட் அழுத்தமான கோடுகளால் தேவதூதரைப் பெரிதாக்கியிருக்கிறார். ஆனால் அங்கே இரண்டு கைகளும் தனித்தனியாகத் தெரியும். பேனாவில் மை கூடியதால் தடித்த கோடெல்லாம் திருத்தம் ஆகாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: ஹேக் நகரின் ஆர்கேடி கலை வரலாற்று நிறுவனத்தின் படத்தொகுப்பை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இதே முகம் அங்கே இருந்தால், கடையில் உள்ளது நகலாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே நல்ல அச்சு நகல்கள் வந்துவிட்டன. அப்புறம், படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கால ஐரோப்பியத் தாளில் தாள் வார்த்த சல்லடையின் நெருக்கமான கம்பிக் கோடுகள் தெரியும். தெரிந்தாலும் தாள்தான் பழசு, அவ்வளவே. கழற்ற மாட்டேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.